நனைந்த கம்பி

ஆர்லிஸ் ட்வைட் எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் முதலில் தரையைப் பார்த்து மன்னிப்புக் கேட்பார். எங்கள் ஊர் டோல்பர்ட்டில் பூட்ஸைக் கழற்றாமல் யாரும் யார் வீட்டுக்குள்ளும் கால் வைப்பதில்லை. ஆம்புலன்ஸில் வருகிறவர்களுக்கு மட்டும் அதற்கு நேரமில்லை. “சேறு பண்ணிட்டேன், மன்னிச்சுக்கங்க, நாளைக்கு வந்து தொடச்சிடறேன்” என்று சொல்லிக்கொண்டே மண்டியிடுவார். கீழே கிடப்பவருக்கு நினைவே இருக்காது. மறுநாள் சொன்னபடி வாளியும் துணியுமாக வந்து நிற்பார். பிழைத்தவர் வீட்டுக்கும் போவார், பிழைக்காதவர் வீட்டுக்கும் போவார். பிழைக்காதவர் வீடாக இருந்தால் அடுப்படியில் கிடக்கும் பாத்திரங்களையும் கழுவி வைத்துவிட்டுத்தான் திரும்புவார்.

அவருடைய வேலை பள்ளிக்கூடச் சமையல். முப்பத்தொரு பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடு. ஆம்புலன்ஸ் அழைப்பு வரும் பேஜரை ஏப்ரன் கயிற்றில் செருகியிருப்பார். அது கத்தினால் அடுப்பை அணைத்துவிட்டு, முடிக்குப் போட்ட வலையைக்கூடக் கழற்றாமல் ஓடி வருவார். இருபது வருடமாக இப்படித்தான். சம்பளம் இல்லை, எங்கள் யாருக்குமே இல்லை.

வண்டி ஓட்டுவது நான். ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். நோயாளிக்கு வைத்தியம் பார்க்க வேண்டுமென்றால் பரீட்சை எழுதித் தேற வேண்டும். ஓட்டுவதற்கு முதலுதவிப் பயிற்சியும் சாலை தெரிந்திருப்பதும் போதும். எங்கள் குழுவில் ஏழு பேர் இருந்தாலும் ஆண்கள் பகலில் வயலிலோ, ஐம்பது மைல் தள்ளி வேலையிலோ இருப்பார்கள். அதனால் பகலில் டோல்பர்ட்டில் யாருக்கு என்ன ஆனாலும் வருவது ஆர்லிஸும் நானும்தான். வண்டி ஒன்று. அடுத்த ஆம்புலன்ஸ் நாற்பத்தெட்டு மைல். நாங்கள் ஓரிடத்துக்குப் போய்விட்டால் மற்ற இடமெல்லாம் ஆளில்லாமல் கிடக்கும்.

மார்ச்சில் பனி இளகும்போது மண்ணுக்குள் புதைந்த பழைய தொலைபேசிக் கம்பிகளில் தண்ணீர் இறங்கும். இறங்கினால் கம்பி தானாகவே அவசர எண்ணைக் கூப்பிடும். வருடக்கணக்காக ஆளில்லாத வீடுகளிலிருந்தும், இணைப்பைத் துண்டித்துவிட்ட வீடுகளிலிருந்தும் மாவட்டக் கட்டுப்பாட்டு அறையில் மணி அடிக்கும். எடுத்தால் பேச்சு இருக்காது, இரைச்சல் மட்டும். இதற்கு நாங்கள் வைத்த பெயர் நனைந்த கம்பி. ஒரு வசந்தத்தில் பத்து, பன்னிரண்டு வரும். திரும்பக் கூப்பிட்டுப் பார்ப்பார்கள். பதில் இல்லையென்றால், முடிகிறபோது ஒரு போலீஸ்காரர் போய்ப் பார்த்துவிட்டு வருவார். ஆம்புலன்ஸ் போவதில்லை.

பத்தொன்பது வருடத்துக்கு முன் அப்படி ஓர் அழைப்பு லிண்ட்விக் பண்ணையிலிருந்து வந்தது. ஊருக்கு வடக்கே பதினாலு மைல். அங்கே தோரா லிண்ட்விக் தனியாக இருந்தார். அந்த வாரத்தில் அது ஏழாவது அழைப்பு. ஆர்லிஸ் குழுவில் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. அன்று பொறுப்பு அவரிடம். கையெல்லாம் ரொட்டி மாவு. “நனைஞ்ச கம்பிதான், விடுங்க” என்று கையடக்க ரேடியோவில் கட்டுப்பாட்டு அறைக்குச் சொல்லிவிட்டு மாவைப் பிசைந்தார். போலீஸ்காரர் மறுநாள் மதியம் போனார். தோரா சமையலறைத் தரையில் ரிசீவரைப் பிடித்தபடியே கிடந்தார். ராத்திரி முழுக்க உயிர் இருந்திருக்கலாம் என்றார் மருத்துவர். அதை அவர் ஆர்லிஸிடம் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

அதற்குப் பிறகு வேறு எந்த நனைந்த கம்பிக்கும் ஆர்லிஸ் போனதில்லை. ஆனால் லிண்ட்விக் வீட்டுக் கம்பி ஒவ்வொரு வசந்தத்திலும் கூப்பிட்டது, அங்கே மட்டும் அவர் போகாமல் இருந்ததில்லை.

நான் சேர்ந்த வருடம் முதல் தடவை அவரோடு போனேன். காலை பத்து மணி. மூடுபனி. புல்லிலும் வேலிக் கம்பியிலும் வெள்ளையாக உறைந்து, ஒவ்வொரு முள்ளும் விரல் கனத்துக்கு வீங்கியிருந்தது. வீட்டுக்கு நிறமே இல்லை; காற்று அடித்து அடித்துப் பலகை சாம்பலாகிவிட்டது. தோராவின் பிள்ளைகள் தொலைபேசியையும் சாமான்களையும் எப்போதோ எடுத்துப் போய்விட்டார்கள். நான் வண்டியை அணைக்காமல் உள்ளேயே இருக்க வேண்டும், அதுதான் ஓட்டுநருக்கு விதி. ஆர்லிஸ் ஆரஞ்சு நிறப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு கதவைத் தட்டினார்.

“ஆம்புலன்ஸ்! தோரா, ஆர்லிஸ் வந்திருக்கேன்!”

பதிலுக்குக் காத்திருந்தார். யாரோ உள்ளே வரச் சொன்னதுபோலத் தலையை ஆட்டிவிட்டுப் போனார். சமையலறை ஜன்னல் வழியாக எனக்குத் தெரிந்தது. சுவரிலிருந்து சிவப்பும் பச்சையுமாக இரண்டு கம்பிகள் நீட்டிக்கொண்டிருந்தன. ஆர்லிஸ் அவற்றுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். உடனே கட்டுப்பாட்டு அறையிலிருந்து ரெனேயின் குரல் ரேடியோவில் வந்தது.

“டோல்பர்ட், லைன் மூடிடுச்சு.”

ஒவ்வொரு தடவையும் அப்படித்தான். ஆர்லிஸ் போய் உட்காரும்வரை அந்த வீட்டு இணைப்பு அறுபடாமல் திறந்திருக்கும். உட்கார்ந்ததும் மூடும். தொலைபேசிக் கம்பெனி ஆள் வந்து பார்த்துவிட்டு, அவர் கனத்துக்குப் பலகை அமுங்கி அடியில் உள்ள கம்பியை நெரிக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார். ஒருமுறை நான் விதியை மீறி ஆர்லிஸுக்கு முன்னால் ஓடிப்போய் அதே பலகையில் நின்றேன். மூடவில்லை. அவர் வந்து நின்றார். மூடியது. நான் ஆர்லிஸைவிட நாற்பது பவுண்டு கனம் அதிகம்.

ஒவ்வொரு அழைப்புக்கும் ஒரு தாள் நிரப்ப வேண்டும். போன இடம், நேரம், நோயாளியின் நிலை. போன இடத்தில் யாரும் இல்லையென்றால் ‘நோயாளி இல்லை’ என்று எழுத வேண்டும். ஆர்லிஸ் அந்தத் தாள்களை என்னிடம் காட்டியதில்லை. போன மார்ச்சில் எங்கள் குழுத் தலைவன் டாரின் நைகார்ட் பழைய தாள்களை அடுக்கியபோதுதான் அவற்றில் என்ன இருக்கிறது என்று தெரிந்தது. டாரின் விதை விற்கிறவன், என் வகுப்பில் படித்தவன். எங்கள் எல்லோரையும் ஆம்புலன்ஸ் கொட்டகைக்கு வரச் சொன்னான். காப்பி போட்டு வைத்திருந்தான், யாரும் குடிக்கவில்லை.

“இது நீங்க எழுதினதுதானே?” என்று ஆர்லிஸிடம் ஒரு தாளைக் காட்டினான்.

“என் எழுத்து உனக்குத் தெரியாதா? மூணாங்கிளாஸ்ல உன் லீவு லெட்டரையே நான்தான் எழுதிக் குடுத்தேன். வயித்துவலின்னு.”

எல்லோரும் சிரித்தோம். டாரின் சிரிக்கவில்லை. தாளைப் படித்தான்.

“‘நோயாளியைப் பார்த்தேன். எங்களுடன் வர மறுத்துவிட்டார். கையெழுத்துப் போட இயலவில்லை.’ யாரு மறுத்தது, ஆர்லிஸ்?”

“தோரா.”

“அவங்க செத்துப் பத்தொன்பது வருஷம் ஆச்சு.”

“அதான் வரமாட்டேங்கறா.”

யாரோ மூக்கால் சிரித்தார்கள். டாரின் தாளை மேஜைமேல் வைத்து உள்ளங்கையால் மூடினான்.

“மாநிலத்துக்காரன் பார்த்தா உங்க லைசென்ஸைப் புடுங்கிடுவான். அது கெடக்கட்டும். நீங்க அங்க போயிட்டு வர ஒண்ணேகால் மணி நேரம் ஆகுது. அப்ப இங்க ஒருத்தர் விழுந்தா? எங்கப்பாவுக்கு ரெண்டு அட்டாக் வந்தாச்சு. பகல் பூரா தனியாத்தான் இருக்காரு. நான் எங்கயோ அறுபது மைல்ல விதை வித்துக்கிட்டிருப்பேன். நீங்க ஒரு சுவத்தைப் பார்த்து உக்காந்திருப்பீங்க.”

“உங்கப்பா விழுந்தா நான் வரமாட்டேனா?”

“எங்கேருந்து வருவீங்க?”

“நான் அன்னைக்குப் போகலடா, டாரின்” என்றார் ஆர்லிஸ்.

ஓட்டுக்கு விட்டார்கள். ஆளுக்கொரு துண்டுத்தாள், பென்சில், காப்பித்தூள் டப்பா. இனிமேல் லிண்ட்விக் வீட்டு அழைப்பு எங்களுக்குத் தகவலுக்கு மட்டும். ஆம்புலன்ஸ் ஊரைவிட்டு நகரக்கூடாது. அதற்குச் சம்மதம் நாலு, இல்லை என்பது மூன்று. நான் சம்மதம் என்று எழுதினேன்.

எல்லோரும் போன பிறகு நானும் ஆர்லிஸும் ஆறிய காப்பியைக் கொட்டிவிட்டுக் கோப்பைகளைக் கழுவினோம்.

“இவ்ளோ அழுத்தி எழுதாதே, மிர்னா” என்றார். “பென்சில் முனை ஒடஞ்சது எனக்குக் கேட்டுச்சு.”

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

“சும்மா சொன்னேன். நீ எழுதினது சரிதான். டாரின் சொல்றதும் சரிதான். நான் ஒண்ணும் மறுக்கலையே.”

பதினோரு நாள் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை, மறுபடி மூடுபனி. காலையிலிருந்து ஊர் நடுவிலுள்ள தானியக் கோபுரமே தெரியவில்லை. நான் பெட்ரோல் பங்க்கை ஒட்டிய காப்பிக்கடையில் மேஜை துடைத்துக்கொண்டிருந்தேன். டாரின் சாலை தெரியாததால் அன்று விற்பனைக்குப் போகவில்லை. அப்பாவோடு சாப்பிடப் போகிறேன் என்று சூப் வாங்கிக்கொண்டு போனான். பதினொன்றே காலுக்கு ரேடியோவில் ரெனே பேசினாள்.

“டோல்பர்ட், தகவலுக்கு மட்டும். லிண்ட்விக் வீடு. லைன் திறந்திருக்கு. போலீஸ் மூணு மணிக்கு மேல போவாங்க.”

ஐந்து நிமிடத்தில் ஆர்லிஸ் கடைக்குள் நின்றார். முடிவலை, ஏப்ரன், கையில் மாவு இல்லை.

“உன் பிக்கப் வண்டியில பெட்ரோல் இருக்கா?”

“இருக்கு. ஆனா ஆர்லிஸ், ஓட்டுப் போட்டோமே...”

“ஓட்டு ஆம்புலன்ஸுக்குத்தானே? அது இங்கயே நிக்கட்டும். டாரினும் ஊர்லதான் இருக்கான், அவன் எல்லாம் பாத்துக்குவான். எனக்கு இந்தப் பனியில கண்ணு தெரியாது. நீ ஓட்டு.”

எனக்கும் அது நியாயமாகப் பட்டது. வண்டியும் இருக்கிறது, ஆளும் இருக்கிறான். கொட்டகையைப் பூட்டிவிட்டு ஆர்லிஸ் வந்து ஏறினார். ஆரஞ்சுப் பையை என்னிடம் நீட்டினார். நான் வாங்கிப் பின் இருக்கையில் வைத்தேன். அவர் எந்த வீட்டுக்கும் அந்தப் பை இல்லாமல் போனதில்லை. வெறுங்கையோடு வந்திருந்தால்தான் நான் கேட்டிருப்பேன். தாறுமாறாகத் துடிக்கும் இதயத்துக்கு அதிர்ச்சி கொடுத்து மீட்கும் மெஷின் அந்தப் பையில்தான் இருக்கும். எங்கள் ஊரில் அது ஒன்றுதான்.

சாலையின் ஓரம் தெரியவில்லை. முப்பது மைல் வேகத்துக்கு மேல் போக முடியவில்லை. ஒரு மைலுக்கு ஒருமுறை குறுக்குச் சாலையின் பலகை வந்து கண்ணாடியில் மோதுவதுபோல நின்று மறையும். அதை வைத்து எண்ணிக்கொண்டேன். ரெனே இடையில் பேசினாள். விதிப்படி அவள் பேச வேண்டியதில்லை.

“ஆர்லிஸ், நீங்க கேட்டுக்கிட்டு இருக்கீங்களா?”

“இருக்கேன், சொல்லும்மா.”

“இன்னைக்கு இரைச்சல் இல்ல.”

“அப்புறம்?”

“ஒண்ணுமே இல்ல. ஒரு ரூம்ல போனை எடுத்து வச்சிட்டுப் போன மாதிரி இருக்கு. அந்த ரூமே காதுல கேக்குது.”

ஆர்லிஸ் என்னைப் பார்த்தார். நான் சாலையைப் பார்த்தேன்.

சாலையோரத்தில் லிண்ட்விக் வீட்டுத் தபால்பெட்டி வந்தது. பாதைக்குள் திரும்பி நிறுத்தினேன். வீட்டின் உருவம் மட்டும் தெரிந்தது. சமையலறைக் கதவு திறந்திருந்தது. போன தடவை அதைக் கம்பியால் முறுக்கிக் கட்டியது நான்தான். ஆர்லிஸ் பையை எடுக்கப் பின்னால் திரும்பினார். பேஜர் கத்தியது.

“டோல்பர்ட் ஆம்புலன்ஸ். மெயின் தெரு, ஓர்லின் நைகார்ட் வீடு. எழுபத்தொரு வயசு. விழுந்துட்டார், மூச்சில்ல. மகன் நெஞ்சை அழுத்திட்டிருக்கார்.”

டாரினுடைய அப்பா.

“திருப்பு” என்றார் ஆர்லிஸ். யோசிக்கவே இல்லை. வீட்டை ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. திறந்த கதவைப் பார்த்துக்கொண்டு வண்டியைப் பின்னால் எடுத்தது நான்தான்.

நெடுஞ்சாலைக்கு வந்தபோது ரேடியோவில் டாரினின் குரல் வெடித்தது. பக்கத்து வீட்டுத் தபால்கார அம்மாவை நெஞ்சை அழுத்தச் சொல்லிவிட்டு, சாவியோடு கொட்டகைக்கு ஓடியிருக்கிறான்.

“மெஷின் எங்க? வண்டியில மெஷின் இல்ல! மிர்னா! மெஷினை எங்க வச்சே?”

என் கை ஸ்டீயரிங்கை விட்டு எழுந்தது. ஆர்லிஸ் அதைப் பிடித்து மறுபடி ஸ்டீயரிங்மேல் வைத்தார். பிறகு ரேடியோவை எடுத்தார்.

“எங்கிட்ட இருக்கு, டாரின். லிண்ட்விக் வீட்டு வாசல்லேருந்து வந்துக்கிட்டிருக்கேன்.”

ரேடியோவில் அவன் மூச்சிரைப்பது கேட்டது.

“ஓடு, உங்கப்பாகிட்ட ஓடு. போய் அழுத்து. நிறுத்தாதே. சத்தமா எண்ணு. ரேடியோவை யாரையாவது புடிச்சுக்கச் சொல்லு. எனக்குக் கேக்கணும்.”

அவன் எண்ணினான். ஒன்று, இரண்டு, முப்பதுவரை. மூச்சு ஊத இடைவெளி. மறுபடி ஒன்று. பதினாலு மைலும் அந்தக் குரல் வண்டிக்குள் இருந்தது. முதலில் கோபமாக எண்ணினான். ஏழாவது மைலில் குரல் கரகரத்தது. ஊர் எல்லையில் அவனுக்கு எண்கள் குழம்பி, பதினெட்டுக்கு அப்புறம் பதினாறு வந்தது. “பத்தொம்பது” என்று ஆர்லிஸ் திருத்தினார். அவன் பத்தொன்பதிலிருந்து எண்ணினான்.

ஓர்லின் சமையலறையில் கிடந்தார். சூப் மேஜையில் ஆறிப்போயிருந்தது. ஆர்லிஸ் தரையைப் பார்க்கவில்லை, மன்னிப்புக் கேட்கவில்லை. மெஷினின் ஒட்டுப்பட்டைகளை நெஞ்சில் ஒட்டினார். அந்த மெஷினுக்கு ஒரு பெண் குரல். எல்லாவற்றையும் ஒரே நிதானத்தில் சொல்லும். சோதிக்கிறேன், யாரும் தொடாதீர்கள் என்றது. பிறகு, அதிர்ச்சி தேவையில்லை என்றது. இதயம் தாறுமாறாகவாவது துடித்துக்கொண்டிருந்தால்தான் அது அதிர்ச்சி கொடுக்கும். ஆர்லிஸ் இன்னும் நாற்பது நிமிடம் அழுத்தினார். போனில் இருந்த மருத்துவர் நிறுத்துங்கள் என்று மூன்று தடவை சொன்ன பிறகு நிறுத்தினார்.

டாரின் அடுப்பில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்திருந்தான். அவன் கத்துவான் என்று எதிர்பார்த்தேன்.

“அங்க ஆள் இருந்தாங்களா?” என்று கேட்டான்.

“உள்ள போகல” என்றார் ஆர்லிஸ்.

“போகலையா?”

“வாசல்லயே திரும்பிட்டோம்.”

“அப்ப இருந்திருக்கலாம்.”

டாரின் ரேடியோவை எடுத்தான்.

“ரெனே, லிண்ட்விக் லைன் என்ன ஆச்சு?”

“திறந்துதான் இருக்கு. ரெண்டரை மணி நேரமா.”

அவன் எழுந்தான். “மிர்னா, உன் பிக்கப்பை எடு.”

“உங்கப்பாகூட இருடா” என்றார் ஆர்லிஸ். “அடக்கம் பண்றவங்க இப்ப வந்துருவாங்க.”

“அங்க ஒரு ஆள் இருக்கணும், ஆர்லிஸ். காரு பள்ளத்துல விழுந்தவனோ, திருடனோ, எவனோ ஒருத்தன். இருந்தாகணும். இல்லாட்டி எங்கப்பா எதுக்குச் செத்தாரு?”

ஆர்லிஸ் வரவில்லை. ஆம்புலன்ஸை விட்டு நகரமாட்டேன் என்றார். வாசல்வரை வந்து டாரினின் கோட்டுப் பொத்தானைப் போட்டுவிட்டார். “நொழையும்போது பேரைச் சொல்லு. சும்மா நொழையாதே” என்றார்.

நாங்கள் போனபோது மணி இரண்டரை. பனி இன்னும் கெட்டியாகியிருந்தது. கதவு அப்படியே திறந்திருந்தது. “ஆம்புலன்ஸ்! நான் டாரின் நைகார்ட்! யாராவது இருக்கீங்களா?” என்று கத்திக்கொண்டே அவன் உள்ளே போனான். நானும் போனேன். வண்டியில் தனியாக உட்கார முடியவில்லை. அவன் ஒவ்வோர் அறையாகப் பார்த்தான். அலமாரிகளைத் திறந்தான். மாடிக்குப் போனான். நிலவறைக் கதவைத் தூக்கி இருட்டுக்குள் தலையை விட்டுக் கூப்பிட்டான். “பயப்படாதீங்க, வெளிய வாங்க, உதவிதான் பண்ண வந்திருக்கோம்” என்றான். அவன் குரல் கெஞ்சியது. நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தூசியில் அவன் பூட்ஸும் என் பூட்ஸும் பதிந்த தடங்கள் இருந்தன. வேறு புதிய தடம் இல்லை.

கடைசியில் சமையலறைக்கு வந்து அந்த இரண்டு கம்பிகளுக்கு முன்னால் மண்டியிட்டான். ஆர்லிஸ் உட்காரும் அதே பலகை. நான் ரேடியோவைப் பிடித்துக்கொண்டு கதவருகே நின்றேன்.

“ரெனே, இப்ப?”

“திறந்திருக்கு.”

அவன் நெற்றியைச் சுவரில் வைத்தான். வாய் மூடியிருந்தது. நான் அவன் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. எவ்வளவு நேரம் என்று தெரியாது. கூரையிலிருந்து எங்கோ சொட்டிக்கொண்டிருந்த தண்ணீர் நின்று போயிருந்தது.

“டாரின்” என்றாள் ரெனே. குரல் மாறியிருந்தது. “நீங்க எதுக்கு எண்ணிட்டிருக்கீங்க?”

அவன் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தான்.

“அவர் பேசல, ரெனே” என்றேன் நான். “வாயே திறக்கல.”

“லைன்ல யாரோ எண்ணறாங்க. ஒண்ணு, ரெண்டுன்னு. முப்பது வந்ததும் திரும்ப ஒண்ணு.”

“யார் குரல்?” என்று டாரின் கேட்டான். ரேடியோவை அவன் வாயருகே நீட்டினேன்.

“ஆம்பளைக் குரல். வயசானவர் மாதிரி இருக்கு. ரொம்பக் களைச்சுப் போய் எண்ணறார். கஷ்டப்பட்டு எண்ணறார், டாரின்.”

அந்த வீட்டில் தொலைபேசி இல்லை. ஒரு குரல் போய் நுழைவதற்கு அங்கே எதுவும் இல்லை. இரண்டு கம்பிகள், முனையில் துரு. டாரின் அவற்றைத் தொடவில்லை. கொஞ்சம் குனிந்து, காது மந்தமானவரிடம் பேசுவதுபோலப் பேசினான்.

“அப்பா, போதும். நிறுத்திடலாம்.”

“லைன் மூடிடுச்சு” என்றாள் ரெனே.

டாரின் எழுந்தான், ஊருக்குத் திரும்பினோம். கதவை நான் மறுபடி கம்பியால் கட்டினேனா என்றுகூட எனக்கு ஞாபகம் இல்லை. எங்கள் ரேடியோச் சத்தம் எப்படியோ தொலைபேசிக் கம்பியில் கலந்திருக்கும் என்று கம்பெனி ஆள் பிறகு சொன்னார். அப்படியும் இருக்கலாம். ஆனால் ரேடியோவில் எண்ணியது டாரின். டாரினுக்கு நாற்பத்திரண்டு வயதுதான்.

ஓர்லினுக்கான தாளை ஆர்லிஸ் அன்றே எழுதினார். தாமதத்துக்குக் காரணம் என்ற இடத்தில், ‘மெஷினை எடுத்துக்கொண்டு நான் ஊரைவிட்டுப் போயிருந்தேன்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். மாநிலத்துக்குத் தானே தபாலில் அனுப்பினார். மூன்று மாதம் அவர் எந்த நோயாளியையும் தொடக்கூடாது என்று கடிதம் வந்தது. அந்த மூன்று மாதமும் பகலில் யாராவது விழுந்தால் நாற்பத்தெட்டு மைலிலிருந்துதான் வண்டி வந்தது. மூன்று மாதம் முடிந்த அன்று காலை ஆறு மணிக்கு டாரின் பேஜரை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனான். அவர்கள் என்ன பேசினார்கள் என்று யாருக்கும் தெரியாது. ஏழு மணிக்குப் பள்ளிக்கூடத்தில் பேஜர் ஏப்ரன் கயிற்றில் இருந்தது.

லிண்ட்விக் வீட்டுக்கு இப்போது டாரின்தான் போகிறான். தன் காரில், வெறுங்கையோடு. விற்பனைக்கு எங்கே போயிருந்தாலும் தகவல் வந்தால் திரும்பிவிடுவான். போனதும் ரேடியோவில் ஒரே வார்த்தை, “வந்துட்டேன்.” அவன் அங்கே என்ன செய்கிறான் என்று நான் கேட்டதில்லை. மறுபடி எண்ணும் குரல் கேட்டதா என்று ரெனேயும் சொல்லவில்லை.

ஆர்லிஸ் அந்தத் திசைக்கே போவதில்லை. மூடுபனி இறங்கிய நாட்களில் மதியச் சாப்பாடு முடிந்ததும் ஆம்புலன்ஸ் கொட்டகைக்கு வந்துவிடுகிறார். கதவை முழுக்கத் திறந்துவிட்டு, வண்டியின் முன் இருக்கையில் ஏறி, பெல்ட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பக்கத்தில் நான். வெளியே மெயின் தெருவின் முதல் இரண்டு வீடுகள்தான் தெரியும். தெரியாத வீடுகளையும் அவர் வரிசையாகச் சொல்லிக்கொண்டு போவார். முணுமுணுப்பாகத்தான் சொல்வார், பக்கத்தில் இருப்பதால் எனக்குக் கேட்கும். பெர்னிஸ், சர்க்கரை. எல்ட்ரிட்ஜ், நுரையீரல். ஷ்மிட் வீட்டுப் பெண், ஏழு மாசம். தெருக்கோடிவரை போவார். நடுவில் ஒரு வீடு பூட்டிக் கிடக்கிறது. அதை அவர் தாண்டுவதில்லை.

“ஓர்லின், இதயம்” என்று சொல்லிவிட்டுத்தான் அடுத்த வீட்டுக்குப் போவார்.